கழுத்திலிருந்து எண்ணுதல்

பாம்புகளை நான் முதலில்
சொப்பிங் பையில்தான் பார்த்தேன்.

இரவுக் கடமை, வாவிக்கு மேற்கே எங்கள் ஆஸ்பத்திரி.
கடிபட்டவர் முன்னால் வருவார்,
கடித்தது பின்னால் வரும்
தலை நசுங்கி, உரப்பையில், பால்மா ரின்னில்,
ஒருமுறை
பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில்.

"மிஸ்ஸி, இது எது?"

புது டாக்டர் பாம்பென்றால்
கதிரையைப் பின்னுக்கு இழுப்பார்.
நேற்றைய பேப்பரில் நான்தான் விரிப்பேன்.
குழாயில் எடுத்த இரத்தம் உறைகிறதா என்று
இருபது நிமிஷம் காத்திருக்க வேணும்.
நான் படித்ததெல்லாம் அந்த இருபது நிமிஷங்களில்.

முதுகு நடுவே அறுகோணச் செதில்
பெரிது பெரிதாய் ஒரே வரிசை என்றால்
கட்டுவிரியன். ஓடு.
வளையம் கழுத்தில் தொடங்கி
வாலுக்குப் போகப்போக அழிந்திருந்தால்
ஓநாய்ப்பாம்பு.
பல்லி தின்னி. தேத்தண்ணி குடிக்கலாம்.

பத்துக்கு ஏழு பை இப்படித்தான்.
காலையில் கடிபட்டவர் வீட்டுக்குப் போவார்,
கடித்தது போகாது.

வரி இருந்தது, அடித்தோம் என்பார்கள்.
ஒருத்தரைப் போல இன்னொருத்தர் இருந்தால்
என்ன நடக்குமென்று
இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
நான் கொப்பியில் எழுதுவேன்:
விஷமில்லை.

ஓய்வு நாளொன்றில்
உயிரோடு ஒன்றைப் பார்க்கவேணும் போலிருந்தது.

வெல்லாவெளி வட்டை. சிறுபோக வாய்க்கால்.
சதுரம் சதுரமாய்த் தண்ணீர்ப்பாம்பு,
கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் கோடு
மை கலைந்த மாதிரி.
தவளையின் பின்னங்காலைப் பிடித்திருந்தது.
தவளை கத்திக்கொண்டே இருந்தது.
கைக்கடிகாரத்தைப் பார்க்கப்போய் நிறுத்தினேன்.
அந்த இருவரில் எவருக்கும்
நான் மிஸ்ஸி இல்லை.

பேப்பரில் கிடந்தபோது தெரியாதது ஒன்று:
அது விலா முழுக்க மூச்சு விடும்.
தண்ணீரில் அதற்கு நீளமே இல்லை,
போகிற போக்குத்தான்.

மாவடிமுன்மாரிக் குளக்கட்டில்
சாரை இரண்டு இடுப்புயரம் எழும்பி முறுகின.
காவலுக்கு வந்த தெய்வேந்திரன்
கையால் முகத்தை மறைத்தான்.
"நாகமும் சாரையும் பிணையுது. பாக்கப்படா மிஸ்ஸி."
நாகமில்லை. பிணையவுமில்லை.
இரண்டும் ஆண்,
யார் தலை மேலே என்கிற பந்தயம்.
ஒருதரமும் கடிக்கவில்லை.
ஒன்று சலித்துப்போய்ப் பற்றைக்குள் இறங்கிற்று.
வென்றது எதுவென்று எனக்கு விளங்கவில்லை.
"அதுகளுக்கும் விளங்கல்ல போல," என்றான்
விரலிடுக்கால் எல்லாம் பார்த்திருந்தவன்.

கொம்பேறி மூக்கன் கொத்திவிட்டு மரமேறி
சுடலைப் புகை எழுகிறதா என்று பார்க்குமாம்.
நாவல் மரத்தில் ஒன்றைக் கண்டேன்,
வெண்கலக் கம்பி போல.
ஒரு மணிநேரம் நான் அதைப் பார்த்தேன்,
அது ஓணானைப் பார்த்தது.
தூரத்தில் செங்கல் சூளை புகைந்துகொண்டுதான் இருந்தது.
அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

போன கிழமை, விடிய ஆறு மணி.
காமன்ட் பஸ்ஸுக்குப் போகிற உடுப்பில் ஒரு பிள்ளை,
யோகமலர், மண்டூர்ப் பக்கம்.
கையில் சோடாப் போத்தல், மூடியில் ஆணித்துளை,
உள்ளே சுருண்டு, உயிரோடு.

"ஆருக்குக் கடிச்ச?"
"ஒருத்தருக்கும் இல்ல மிஸ்ஸி.
கேட்டுட்டுப் போவமெண்டு வந்தன்.
வளையம் கழுத்திலயே தொடங்குது, வால்ல இல்ல.
அண்டைக்கு மாமாட பாம்பப் பாத்துச்
சொன்னீங்கதானே."

பெயர், வயது, கடித்த இடம், கடித்த நேரம்.
கொப்பியில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை.

சலவைக்கட்டுச் சுவருக்குப் பின்னால்
மூடியைத் திறந்து போத்தலைச் சரித்தோம்.
அது வெளியே வரவில்லை.
பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் ஓடிவிட்டாள்.

நான் நின்றேன். ஒரு சப்பாத்து நனைந்துவிட்டது.
இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.
தலை வந்தது, நாக்கு வந்தது,
கழுத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று. இரண்டு.
ஏழாவது வளையத்தில்
புல் மூடிவிட்டது.